யாரைக் கூப்பிடுவது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பெங்களூரில் நடந்த தலைமைப் பயிற்சியில் நானும் இருந்தேன். பீன்யா, ஜாலஹள்ளி, ஒசூர், கோலார் வட்டாரங்களில் சிறுதொழில் நடத்தும் 40 பேர் மாதம் ஒரு நாள் கூடும் பயிற்சி அது. அன்றைய பொருள் தொழிலாளர் திறன் மேம்பாடு. ஒன்பது பேர் பேசினார்கள். அதில் நீங்கள் ஏழாவது.

நான் 14 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பையன்கள் வருகிறார்கள், ஆறு மாதம் வேலை கற்றுக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். இதற்கு ஒரு வழி தெரியுமா என்று பார்க்கத்தான் பட்டறையை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஒன்பது பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நீங்கள் கோலார் தங்கவயலின் கதையைச் சொன்னீர்கள். நன்றாகத்தான் சொன்னீர்கள். நானும் கைதட்டினேன். ஆனால் வீடு திரும்பும்போது கையில் ஒரு பையும் பேனாவும் மட்டுமே இருந்தன.

மாலையில் கருத்துப் படிவத்தில் இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதன் பலன், அடுத்த ஆண்டு விருந்தினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். மேடையில் ஒரு உண்மையான தொழிலாளியை ஏற்ற வேண்டும் என்பது என் எண்ணம். யாரைக் கூப்பிடலாம்? நீங்கள் சொல்லுங்கள்.

தங்கள் வாசகன்,
ஜாலஹள்ளி

*

அன்புள்ள நண்பருக்கு,

என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்தது 20 நிமிடம். நான் எடுத்துக்கொண்டது 45. எனக்குப் பின்னால் பேசவிருந்த இருவரின் நேரத்தைத் தின்றுவிட்டேன். அவர்களில் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், குழுவில் உட்காரப்போகிறீர்கள். நான் இரண்டு மூன்று குழுக்களில் இருந்திருக்கிறேன். அரங்கத்தை இலவசமாகத் தருகிறவருக்கு ஒரு உரை. சாப்பாட்டுச் செலவை ஏற்கிறவருக்கு ஒரு உரை. அதிகாரி ஒருவர் வந்தால் பத்திரிகையில் படம் வரும், ஆகவே அவருக்குச் சிறப்புரை. அவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் அவருக்காக எழுதிய உரையை அவருடைய அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்து வாசிப்பார். கல்லூரி முதல்வர் ஒருவர், மாணவர்களை அனுப்பி நாற்காலிகளை நிரப்பிக் கொடுப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் கண் சொருகும் நேரத்துக்கு ஒரு எழுத்தாளர். இவ்வளவும் முடிவான பிறகுதான் யாராவது ஒருவர் தலைப்பு என்ன என்று கேட்பார். அன்று நான் பிசிபேளாபாத் சாப்பிட்டுவிட்டு மேடையேறினேன். நீங்களும் அதையே சாப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு விஷயத்தில் பேசியவனும் கேட்டவர்களும் சமமாக இருந்தோம்.

காலையில் ஒருவர் ஐ.டி.ஐ.க்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்று உருக்கமாகப் பேசினார் அல்லவா? என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், “இப்போதாவது இவர்களுக்கு எங்கள் நினைவு வந்ததே” என்றார். பேச்சாளர் சொன்னது தொழிற்பயிற்சி நிலையங்களை. பெரியவர் தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இந்த ஊரில் அவருடைய தலைமுறைக்கு ஐ.டி.ஐ. என்றால் 1948இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான். நான் திருத்தவில்லை. உண்மையில் அவர் தவறாகவும் கேட்கவில்லை. விமானத் தொழிற்சாலை 1940, தொலைபேசி 1948, இயந்திரக் கருவிகள் செய்த ஹெச்.எம்.டி. 1953, மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். 1954 என்று வரிசையாக வந்த அந்த ஆலைகள்தான் இந்த நகரத்துக்கு வேலை கற்றுக்கொடுத்தன. அப்ரண்டிஸாக, அதாவது வேலை பழகுபவனாக, சேர்ந்த பையனை முதலில் அரம் பிடிக்க விடுவார்கள். அளவு சரியாக வரும்வரை ஒரே இரும்புத் துண்டை ராவிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கைகளில் பல பின்னாளில் பீன்யாவில் சொந்தப் பட்டறை போட்டன. உங்களுக்கு வேலை கற்றுத் தந்தவரோ அவருக்குக் கற்றுத் தந்தவரோ அப்படி ஒருவராக இருக்கலாம்.

தொழிலாளி ஒருவரை மேடையேற்றுவது என்ற உங்கள் யோசனைக்கு வருகிறேன். அதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், இன்னொரு முறை பார்க்க விருப்பமில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்னால், இதே போன்ற வேறொரு நிகழ்ச்சி. 36 ஆண்டுகள் லேத்தில் கடைசல் வேலை செய்யும் டர்னராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்திருந்தார்கள். வட ஆர்க்காட்டுக்காரர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடையில் கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேரன் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து, தன்னை அழைத்தவர்களின் பெயர்களையெல்லாம் பதவியோடு வாசித்து, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவரை அழைத்தது பார்ப்பதற்கு.

பிற்பாடு ஒருநாள் அவரைத் தேடிப் போனேன். மருமகனின் பட்டறையில், பீன்யா இரண்டாம் கட்டத்தில், பகல் முழுவதும் சும்மா இருக்க முடியாமல் எதையாவது செய்துகொண்டிருப்பார். நான் போனபோது முனை மழுங்கிய, துளையிடும் டிரில் பிட் ஒன்றைச் சாணைக்கல்லில் தீட்டப் போனார். நான் தள்ளி நின்றேன். “கிட்டே வாருங்கள் சார், பொறி சுடாது” என்றார்.

டிரில் முனையில் இரண்டு வெட்டு விளிம்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு. சாதாரண இரும்புக்கு முனைக்கோணம் 118 டிகிரி. சாய்வு பிசகினால் ஒரு விளிம்பு மட்டும் வெட்டும், ஒன்று மயிரிழை நீண்டுவிட்டால் துளை அளவு மீறிப் பெரிதாகிவிடும். இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். எனக்குப் புதிது. அவர் அளவுக்கருவி எதையும் எடுக்கவில்லை. இடது கை விரல்மேல் டிரில்லைத் தாங்கி, கல்லில் விளிம்பு பட்டதும் வலது கையை மெல்லக் கீழே இறக்கினார். அவ்வளவுதான். திருப்பிப் பிடித்து மறுபக்கம் அதே இறக்கம். சூடேறி முனையில் நீலம் பாயும் முன்னால் எடுத்துவிட்டார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இன்னொரு முறை, தொட்டும் தொடாமலும். பிறகு ஒரு கழிவுத் தகட்டில் துளையிட்டுக் காட்டினார். டிரில்லின் இரு பக்கமும் ஒரே கனத்தில் சுருள் எழுந்து வந்தது, ஆட்டுக்கடாவின் இரண்டு கொம்புகளைப் போல.

“ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் வேலை தெரியாதவன் தீட்டியது என்று அர்த்தம்” என்றார். மேடையில் தாளை வாசித்த மனிதரா இவர் என்றிருந்தது.

ஆகவே இவரைப் போன்றவர்களை அரங்கத்துக்கு வரவழைக்காதீர்கள், 40 பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதி இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம். சாணைக்கல்லைச் சுற்றி ஆறு பேருக்குமேல் நிற்க முடியாது, ஏழு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அன்று அங்கே இன்னொரு ஆளும் இருந்தான்.

தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பையன். 19 வயது இருக்கும். இவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன். “எனக்கு ஆசைதான். மருமகன் வேண்டாம் என்கிறார். தீட்டத் தெரிந்துவிட்டால் அடுத்த தெருவில் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்வார்களாம்.” பையன் காதில் அது விழுந்தது. சிரித்துக்கொண்டான்.

அவனோடு தேநீர்க் கடைக்குப் போனேன். ஊர் மாரிக்குப்பம். தங்கவயல் ரயில் கிளம்பும் இடம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ரயிலில் இடம் பிடித்து, பங்காருபேட்டையில் ஏறும் கூட்டத்தில் நசுங்கி, பெங்களூர் மெஜஸ்டிக் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பீன்யா. வீடு திரும்ப இரவு பத்து ஆகிவிடும். 2,000 கூட்டிக் கொடுத்தால் போய்விடுவாயா என்று கேட்டேன். “பீன்யாவிலேயே யார் எவ்வளவு கொடுத்து என்ன சார். கிருஷ்ணராஜபுரத்தில் வேலை கிடைத்தால் சம்பளம் குறைந்தாலும் போவேன். முன்னாலேயே இறங்கிவிடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்” என்றான்.

நான்கு மாதம் கழித்து அவன் போய்விட்டான். கிருஷ்ணராஜபுரத்துக்குத்தான். மருமகன் இன்றுவரை எல்லோரிடமும் சொல்வது, 2,000 ரூபாய்க்காகப் போனான் என்று. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். போகும்போது ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டாரா என்று நான் கேட்டேன். “கேட்டால் மட்டும் சொல்லிவிடுவார்களா” என்றார்.

நான் உங்கள் முன்னால் தங்கவயல் கதையை எங்கே நிறுத்தினேன் என்று நினைவிருக்கிறதா? 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடிய நாளில். அங்கே நிறுத்தினால் கண்ணீர் வரும், கைதட்டல் வரும். அதற்குப் பிறகு அந்த ஊரின் பிள்ளைகள் விடிவதற்கு முன் ரயிலேறி உங்கள் பட்டறைகளுக்கு வந்துகொண்டிருக்கும் கதையைச் சொல்லவில்லை. உங்களுக்கு அன்று தேவைப்பட்டது அதுதான். எனக்கும் அது தெரிந்தே இருந்தது. கைதட்டல் கிடைக்கும் இடத்தில் நின்றுவிடுவது மேடைக்காரர்களின் நோய்.

எனவே நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: உங்களை விட்டுப் போனவனைக் கூப்பிடுங்கள்.

இது கிறுக்குத்தனமாகத் தோன்றினால் 2016 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். பி.எஃப். என்னும் தொழிலாளர் வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதுமைக்குச் சேமிப்பு, நல்ல நோக்கம்தான். இங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்கள் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் அந்தப் பணத்தை எடுத்துத்தான் கடனை அடைப்பார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார்கள், கல்யாணம் செய்வார்கள். ஆயிரக்கணக்கில் ஒசூர் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளிப் பக்கமும் பரவியது. பஸ்கள் எரிந்தன, தடியடி நடந்தது. நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். இரண்டே நாளில் அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்திய தலைவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. தலைமைப் பயிற்சிக்காரர்கள் இதைப் பாடமாகவே வைக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு: வேலையை விடும்போது அந்தப் பணத்தை என்ன செய்வாய் என்று ஒரு பெண்ணிடம் விதி எழுதுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

சில நடைமுறைகள். உங்களிடமிருந்து போன பையன் உங்கள் முகத்தைப் பார்த்து உண்மை சொல்லமாட்டான். ஒசூர்க்காரரை விட்டுப் போனவன் உங்களிடம் பேசட்டும், உங்களை விட்டுப் போனவன் ஒசூர்க்காரரிடம் பேசட்டும். பட்டறைப் பெயர் வேண்டாம். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஐந்தாறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முதலாளிகள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இதுதான் கடினம், நீங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். “அப்படியில்லை தம்பி” என்று ஒருவர் ஆரம்பித்தால் அத்தோடு அவன் அடைத்துக்கொள்வான். ஒருநாள் கூலியும் ரயில் செலவும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எனக்கு உறை கொடுத்தீர்கள் அல்லவா, அதில் இரண்டு பையன்களுக்குக் கொடுக்கலாம்.

அதிகாரி ஒருவர் அவசியம் வேண்டும் என்று குழுவில் சண்டை வரும். வரட்டும். சிறப்புரை கேட்காமல், அப்ரண்டிஸ் சட்டத்தை அரை மணி நேரம் விளக்கச் சொல்லுங்கள். 1961 முதல் இருக்கும் சட்டம். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பது இப்போது கட்டாயம். உங்களைப் போன்ற 14 பேர் பட்டறைக்கு விருப்பம்தான், ஆனால் நீங்களும் சேர்த்துக்கொள்ள முடியும். அவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016இலேயே வந்துவிட்டது. கணினியை வைத்துக்கொண்டு எங்கே பதிவது, எந்தப் பெட்டியில் என்ன நிரப்புவது என்று அவர் காட்டினால் அன்றைய நாளுக்கு அதுவே போதும். அவர் படம் பத்திரிகையில் வர நான் உத்தரவாதம்.

எழுத்தாளர் வேண்டாம். நான் உட்பட.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பையன்களைக் காலை அமர்வில் பேச வைத்துவிட்டு நன்றியுரை முடியும்வரை பின்வரிசையில் உட்கார வைத்துவிடாதீர்கள். உங்கள் நன்றியுரைகள் ஏழு மணி வரை போகின்றன. அவர்களுக்கு மாரிக்குப்பம் ரயிலில் இடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்.