திசுப் படத்தில் எந்த செல் எதன் பக்கத்தில்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: புற்றுக் கட்டிக்குள் சிடி8 டி செல்கள் (புற்று செல்லைக் கொல்லும் நோய் எதிர்ப்பு செல்கள்) எத்தனை என்று எண்ணினால் போதாதா? எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை வைத்து அளப்பதால் கூடுதலாக என்ன தெரியப்போகிறது?

பதில்: எண்ணிக்கையே நிறையச் சொல்லும். பெருங்குடல் புற்றுநோயில் அதை 2006-இல் எடுத்துக்காட்டியது பாரிஸில் உள்ள ஜெரோம் கலோன் குழு. ஆனால் அவர்களும் கட்டியின் நடுப்பகுதியையும், அது ஊடுருவிப் பரவும் ஓரத்தையும் தனித்தனியாகத்தான் எண்ணினார்கள். அந்தப் பிரிப்பின் மேல் எழுந்ததுதான் இம்யூனோஸ்கோர் என்ற மதிப்பெண் முறை. 2018-இல் அது 2,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டது. ‘எத்தனை’ என்ற கேள்வியோடு ‘எங்கே’ என்பதும் முதலிலிருந்தே ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

அதே 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 41 டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தபோது, சிலவற்றில் நோய் எதிர்ப்பு செல்கள் புற்று செல்களோடு கலந்து கிடந்தன. சிலவற்றில் தனியே ஒதுங்கித் திரண்டிருந்தன. ஒதுங்கி நின்ற வகையினர்தான் அதிக காலம் வாழ்ந்தார்கள். கலந்திருந்தால்தானே நல்லது என்று நாம் எதிர்பார்ப்போம். வெறும் எண்ணிக்கையிலிருந்து இப்படி ஒரு முடிவு ஒருபோதும் வெளிவராது.

கேள்வி: லிம்போசைட்டுகள் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணுக்கள்) நெருக்கமாக இருக்கும் இடங்களில் க்யூபாத் என்ற பட ஆய்வு மென்பொருள் பல செல்களை ஒன்றாக ஒட்டிவிடுகிறது. சிடி3, சிடி20 என்ற அடையாளப் புரதங்கள் இரண்டும் ‘பாசிட்டிவ்’ ஆன செல்களும் ஏராளமாக வருகின்றன. ஒளிரும் சாயங்கள் போட்டு 20 மடங்கில் ஸ்கேன் செய்த ஃப்ளூரசன்ஸ் ஸ்லைடு. எங்கே தவறு?

பதில்: முதலில் பிக்ஸல் அளவைப் பாருங்கள். 20 மடங்கில் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 0.5 மைக்ரான் இருக்க வேண்டும். படத்தை சாதாரண டிஃப் கோப்பாகவோ ஜேபெக் ஆகவோ மாற்றியிருந்தால் இந்தத் தகவல் தொலைந்திருக்கும். மைக்ரானில் நீங்கள் கொடுக்கும் எந்த அளவும் பிறகு சரியாக வேலை செய்யாது. ஸ்கேனர் தந்த மூலக் கோப்பையே திறப்பது நல்லது.

அடுத்தது சிக்மா. க்யூபாத்தின் செல் கண்டறிதலில் அது 1.5 மைக்ரான் என்று வைக்கப்பட்டிருக்கும். படத்தை எவ்வளவு மழுக்கிவிட்டு உட்கருவைத் தேடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. லிம்போசைட்டின் உட்கரு சுமார் 7 மைக்ரான், அதாவது 14 பிக்ஸல்தான். இரண்டு உட்கருக்கள் ஒட்டி நின்றால் நடுவே உள்ள மெல்லிய இருள் இந்த மழுக்கலில் கரைந்துபோகும். 1 அல்லது 1.2-க்குக் குறைத்தால் பிரியும். ரொம்பக் குறைத்தால் பெரிய புற்று உட்கருக்கள் துண்டு துண்டாக உடையும். ஆகவே லிம்போசைட் திரள், புற்று செல் கூட்டம், நீண்ட உட்கரு கொண்ட நார்த்திசு ஆகிய மூன்று இடங்களைக் குறித்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். இதற்கும் அடங்காவிட்டால் ஸ்டார்டிஸ்டுக்கு மாறலாம். நெருங்கி நிற்கும் உருண்டை உட்கருக்களைப் பிரிப்பதற்கென்றே 2018-இல் வந்த முறை அது. வளைந்து நீண்ட ஃபைப்ரோபிளாஸ்ட் உட்கருக்களில் தடுமாறும். செல் சவ்வுக்கும் தனிச் சாயம் போட்டிருந்தால் செல்போஸ் என்ற முறை இன்னும் நல்ல தேர்வு.

இரட்டை பாசிட்டிவ் விஷயம்தான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. சிடி3 டி செல்லுக்கு, சிடி20 பி செல்லுக்கு; இரண்டும் உள்ளவை மிக அரிது. க்யூபாத் உட்கருவைச் சுற்றி 5 மைக்ரான் விரித்து ‘இதுதான் செல்’ என்று எடுத்துக்கொள்கிறது. லிம்போசைட்டில் உட்கருவைச் சுற்றி அவ்வளவு சைட்டோபிளாசமே கிடையாது. விரிந்த எல்லை பக்கத்து செல்லின் சவ்வைத் தொட்டு, அதன் ஒளியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. விரிவை 2 மைக்ரானாக்குங்கள், பெரும்பகுதி சரியாகிவிடும். மீதியை எல்லைப் பிக்ஸல்களின் ஒளியை அண்டை செல்களுக்குத் திருத்திப் பிரித்துக் கொடுக்கும் ரெட்சீ போன்ற முறைகள் கவனிக்கும்.

இதைப் புள்ளிவிவர இரைச்சல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்தப் பிழை எங்கும் பரவலாக விழுவதில்லை. தொட்டுக்கொண்டு நிற்கும் ஜோடிகளின் மேல்தான் விழுகிறது. ‘வகைப்படுத்த முடியாதவை’ என்று இரட்டை பாசிட்டிவ்களை நீக்கிவிட்டால், நீங்கள் அளக்க வந்த தொடர்பையே நீக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரட்டை பாசிட்டிவ்கள் டி, பி செல் பகுதிகள் சந்திக்கும் எல்லையில் மட்டும் வந்தால் காரணம் செல் எல்லைப் பிழை. எல்லா இடத்திலும் வந்தால் ஒரு சாயத்தின் ஒளி இன்னொரு சாயத்தின் சேனலுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சாயத்தையும் தனியாகப் போட்ட கன்ட்ரோல் ஸ்லைடு தேவை. சாயமே போடாத ஸ்லைடு ஒன்றும் இருக்கட்டும். சிவப்பணுக்களும் லிப்போஃபுசின் என்ற நிறமித் துகள்களும் தாமாகவே எல்லா சேனலிலும் ஒளிரும். அதைப் பிடிக்க இதுவே எளிய வழி.

கேள்வி: எத்தனை மைக்ரானுக்குள் இருந்தால் இரண்டு செல்கள் தொடர்பில் உள்ளன என்று சொல்லலாம்?

பதில்: படம் காட்டுவது அருகாமையை மட்டும்தான். தொடர்பு என்பது நாம் அதிலிருந்து ஊகிப்பது. ஆகவே உயிரியல் கேள்வியிலிருந்து தூரத்தை முடிவுசெய்யுங்கள். டி செல்லின் பிடி-1 புரதம் புற்று செல்லின் பிடி-எல்1-ஐப் பிடிக்க வேண்டுமானால் இரு சவ்வுகளும் தொட வேண்டும். லிம்போசைட்டின் ஆரம் 4 மைக்ரான், புற்று செல்லின் ஆரம் 8 முதல் 10 என்றால், மையத்துக்கு மையம் 12 முதல் 14 மைக்ரான் வரும். செல்கள் சுரந்து பரவவிடும் சைட்டோகைன்களுக்கு இப்படி ஒரு கறாரான எல்லை கிடையாது. 10, 20, 30, 50 என்று பல ஆரங்களில் கணக்கிட்டு வரைபடமாகக் காட்டுவதே நேர்மை. 20-இல் மட்டும் தெரிந்து 15-லும் 30-லும் காணாமல்போகும் முடிவை நம்ப வேண்டாம்.

டெலோனே முக்கோண முறையில் அண்டை செல்களை இணைத்தால், சுரப்பியின் வெற்றுக் குழியையும் திசுக் கிழிசலையும் தாண்டிக்கூட கோடுகள் போகும். 30, 40 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடுங்கள். படத்தின் ஓரத்தில் உள்ள செல்லுக்குப் பாதி அண்டை செல்கள் படத்துக்கு வெளியே இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு ஆரத் தூரத்துக்குள் இருப்பவற்றை அண்டை செல்களாக மட்டும் எண்ணுங்கள். அவற்றை மையமாக வைக்காதீர்கள். திசுச் சீவலின் தடிமன் 4 மைக்ரான்தான் என்பதையும் மறக்க வேண்டாம். மேலேயும் கீழேயும் ஒட்டியிருந்த செல்கள் வேறு சீவலுக்குப் போய்விட்டன.

கேள்வி: ஸ்க்விட்பை என்ற பைத்தான் நிரலகத்தில் அண்டை செறிவுச் சோதனை (எந்த வகை செல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பக்கத்தில் நிற்கின்றன என்று பார்ப்பது) போட்டேன். ஏறக்குறைய எல்லா ஜோடிக்கும் இசட் மதிப்பு (தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) 20, 40 என்று வருகிறது. இது நல்ல அறிகுறிதானே?

பதில்: இல்லை. இந்தச் சோதனை செல்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வகைப் பெயர்களை மட்டும் ஆயிரம் முறை குலுக்கிப் போடுகிறது. திசு முழுவதும் குலுக்கினால் கட்டி, ஸ்ட்ரோமா (கட்டியைச் சுற்றித் தாங்கும் இணைப்புத் திசு) என்ற அமைப்பே அழிந்துபோகும். பிறகு ஸ்ட்ரோமாவில் வாழும் எந்த இரண்டு வகையும் ஒன்றையொன்று நாடுவதாகவும், புற்று செல்லை விலக்குவதாகவும் தோன்றும். அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஒரு லட்சம் செல்கள் இருந்தால் இசட் மதிப்பு பெரிதாக வரத்தான் செய்யும்.

கட்டியையும் ஸ்ட்ரோமாவையும் முதலில் வரைந்து பிரித்து, அந்தந்த எல்லைக்குள் மட்டும் குலுக்குங்கள். இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டுமா? நோய் எதிர்ப்பு செல்களுக்குள் மட்டும் பெயர்களைக் குலுக்குங்கள். ‘மேக்ரோஃபேஜ் (விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்) பக்கத்தில் நிற்கும் நோய் எதிர்ப்பு செல் சிடி8 டி செல்லாக இருக்கும் வாய்ப்பு கூடுதலா?’ என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் வரும்.

பல நோயாளிகளின் ஸ்லைடுகளை ஒரே தரவாகச் சேர்த்திருந்தால், அண்டை வலையைக் கட்டும்போது, எந்த செல் எந்த ஸ்லைடு என்று சொல்லும் லைப்ரரி கீ கொடுத்தீர்களா என்று பாருங்கள். எல்லா ஸ்லைடின் ஆயங்களும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அதைக் கொடுக்காவிட்டால் ஒரு நோயாளியின் டி செல் இன்னொருவரின் புற்று செல்லுக்கு அண்டை ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

கடைசி ஒப்பீட்டில் அலகு நோயாளிதான், செல் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணாகச் சுருக்கி, பிறகு இரு குழுக்களை ஒப்பிடுங்கள். பத்து செல் வகைகள் என்றால் 55 ஜோடிகள். 5 சதவீத வரம்பில் இரண்டு மூன்று ஜோடிகள் தற்செயலாகவே தேறிவிடும். பல சோதனைகளுக்கான பெஞ்சமினி–ஹோக்பெர்க் திருத்தம் போடாமல் முடிவை எழுத வேண்டாம்.

கேள்வி: இதற்கெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமா?

பதில்: 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவை 0.5 மைக்ரானில் ஸ்கேன் செய்தால் பக்கத்துக்கு 30,000 பிக்ஸல். 16 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 1.8 ஜிபி, ஏழு சேனலுக்கு 12.6 ஜிபி. ஆனால் பிரமிடு வடிவ (பல தெளிவு நிலைகளில் சேமித்த) ஓஎம்இ-டிஃப் கோப்பாக இருந்தால் மென்பொருள் துண்டு துண்டாகத்தான் படிக்கும். 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் க்யூபாத் ஓடும். ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் இரண்டுக்கும் ஜிபியு இருந்தால் வேகம் கூடும்; இல்லாவிட்டால் நேரம் பிடிக்கும், அவ்வளவே. நீங்களே படத்தைத் துண்டாக்கி ஓட்டுவதாக இருந்தால், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது ஒரு பெரிய உட்கருவின் அகலத்துக்காவது படியட்டும். இல்லாவிட்டால் வெட்டுக்கோட்டில் மாட்டும் ஒவ்வொரு உட்கருவும் இரண்டு செல்களாகி, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய அண்டையாகவும் பதிவாகிவிடும்.