தெஹிவளைக்கு ஒரு சோடி பனிக்கரடி?

கேள்வி: கனடாவில் மகளிடம் போயிருந்தபோது பேரனை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனிக்கரடி நீந்தியது. பேரன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பூமி சூடாகிவருவதால் இந்த இனத்தை மிருகக்காட்சிசாலைகள்தான் காப்பாற்றுகின்றன என்று அங்கே ஒருவர் சொன்னார். உண்மையா? உண்மையென்றால் நமது தெஹிவளைக்கும் ஒரு சோடியைக் கொண்டுவந்தால் என்ன?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கேள்வியின் வாலிலிருந்து தொடங்குகிறேன். தெஹிவளைக்கு வேண்டாம் அம்மா. மின்சாரம் போய் அரை மணித்தியாலம் விசிறி நின்றாலே மின்சார சபையைத் திட்டுகிறவர்கள் நாம். அந்தக் கரடியின் தோலுக்கடியில் நாலு விரல் கொழுப்பு.

சிங்கப்பூர் இதைச் செய்து பார்த்துவிட்டது. 1990 டிசம்பரில் அங்கே இனுக்கா என்ற ஆண்குட்டி பிறந்தது. வெப்பவலயத்தில் பிறந்த முதல் பனிக்கரடி என்று கொண்டாடினார்கள். 2004 இல் இனுக்காவும் தாய் ஷீபாவும் பச்சை நிறமாகிவிட்டன! பனிக்கரடியின் உரோமம் உண்மையில் வெள்ளையல்ல. நிறமே இல்லாத, உள்ளே துளையுள்ள குழல். மாரியில் நம் வீட்டு மதிலில் படிகிற பாசி அந்தத் துளைகளுக்குள் குடியேறியிருந்தது. மருந்து போட்டு வெளுக்கவைத்தார்கள். 2006 இல், இனிமேல் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று அந்த மிருகக்காட்சிசாலையே முடிவெடுத்தது. 2018 ஏப்ரலில், முதுமையில் தேறாத நோயோடு கிடந்த இனுக்காவைக் கருணைக்கொலை செய்தார்கள். 27 வயது. கடற்பனியை அது ஒருநாளும் மிதித்ததில்லை.

இனி, காப்பாற்றுகிறார்களா என்ற கேள்வி. அந்தச் சொல் கொஞ்சம் பெரிய சொல். கூண்டில் குட்டி ஈனவைத்து, வளர்த்து, வடக்கே கொண்டுபோய் விட்டு இனத்தைப் பெருக்குகிற திட்டம் எதுவும் கிடையாது. சீல் பிடிக்கும் வித்தையைக் குட்டி இரண்டு வருடத்துக்கு மேலாகத் தாயின் பின்னால் நடந்துதான் கற்கிறது. சீல் மூச்சுவிட மேலே வருகிற துவாரத்தருகே அசையாமல் காத்திருக்க வேண்டும். அதற்குக் காலடியில் உறைந்த கடல் வேண்டும். அந்தக் கடல்தான் இப்போது பிந்தி உறைந்து முந்தி உருகுகிறது. கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016 இல் 842 கரடிகள் இருந்ததாகக் கணித்தார்கள். 2021 இல் 618. விடுவதற்குக் கரடி இருந்தாலும் அது நிற்பதற்கு இடம் வேண்டாமா?

அப்படியானால் மிருகக்காட்சிசாலைகள் வீணா? இல்லை. அங்கே உருப்படியாக நடக்கிற வேலை கண்ணாடிக்கு முன்னால் நடப்பதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் டாசுல் என்றொரு பெண்கரடி இருந்தது. கூண்டின் ஓரத்தில் பொருத்திய குழாய்க்குள் காலை நீட்டி, மயக்க ஊசியில்லாமல் இரத்தம் கொடுக்கப் பழக்கியிருந்தார்கள். அசைவைப் பதியும் கழுத்துப்பட்டியும் கட்டினார்கள். அது நடக்கும்போது, நீந்தும்போது, படுக்கும்போது கருவியில் விழுகிற கோடுகளை வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த அகராதி கையில் இருந்ததால், வட அமெரிக்காவின் வட கரையிலுள்ள போபோர்ட் கடலில் ஒன்பது காட்டுக் கரடிகளுக்குப் பட்டி கட்டியபோது, ஆளே இல்லாத பனிவெளியில் அவை என்ன செய்தன என்று வாசிக்க முடிந்தது. முடிவு 2018 இல் வெளிவந்தது. முன்பு நினைத்திருந்ததைவிட 1.6 மடங்கு சக்தியைப் பனிக்கரடி செலவழிக்கிறது. நாளுக்குப் பன்னிரண்டாயிரம் கலோரிக்கு மேல் அதற்குத் தேவை. சும்மா படுத்துக்கிடந்து பஞ்சத்தைக் கடந்துவிடும் என்று இனி யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. சான் டியாகோவில் கரடிகளின் செவித்திறனைச் சோதித்தார்கள். எண்ணெய் தேடுகிறவர்களின் இரைச்சல் பனிக்குகைக்குள் இருக்கும் தாயையும் குட்டியையும் எவ்வளவு தொந்தரவு செய்யும் என்று கணக்கிட அது வேண்டும். இவற்றைக் காட்டுக் கரடியிடம் செய்து பார்க்க முடியாது.

வின்னிபெக்கில், தாயை இழந்த குட்டிகளை எடுத்து வளர்க்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் குட்டிகள் திரும்பிப்போவதில்லை. அநாதை இல்லம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எல்லா மிருகக்காட்சிசாலையும் இப்படி வேலை செய்வதுமில்லை. பனிக்கரடியை வைத்துக் காசு பார்த்த வரலாறு நீளமானது. ஹம்பேர்க்கில் 1907 இல் கம்பிகளை நீக்கி, அகழிக்குப் பின்னால் செயற்கைப் பனிப்பாறையில் பனிக்கரடிகளை நிறுத்திக் கூட்டம் சேர்த்தவர் கார்ல் ஹாகன்பெக். அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக்தான் நமது தெஹிவளைக்கு வித்திட்டவர். 1936 இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. ஆக, உங்கள் யோசனை ஒன்றும் புதிதல்ல, அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான வியாபாரம்!

நிலக்கரியை எரித்துக்கொண்டே கூண்டுக்குள் கரடியைப் பேணுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் ஓடுகிற நாட்டிலிருந்து கனடாக்காரருக்குப் புத்தி சொல்ல எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த நிலக்கரியில்தான் தெஹிவளைக் கரடிக்கும் குளிரூட்டி ஓட வேண்டியிருக்கும்.

பேரனுக்குக் கரடி காட்டுவதுதான் ஆசை என்றால் நம்முடையதே இருக்கிறது. காட்டில் ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு; அதற்காக யாரும் கண்ணாடித் தொட்டி கட்டவில்லை. அடுத்த முறை பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பாலைப்பழம் பழுக்கிற ஜூன், ஜூலையில் யாலவுக்குக் கூட்டிப்போங்கள். பார்க்கக் கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். கிடைக்காவிட்டாலும் வாகனத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கறையான் புற்றில் வாயை வைத்து அது உறிஞ்சுகிற சத்தம் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும்.