கட்டம் எண்ணும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அக்கா மகள் நாலாம் வகுப்பு. சாயந்திரம் அவளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தருவது என் பொறுப்பு. பட்டை வரைபடத்தைக் காட்டி ‘எது அதிகம்?’ என்றால் டக்கென்று சொல்கிறாள். ‘மாம்பழம் பிடித்தவர்கள் எத்தனை பேர்?’ என்றால் கட்டங்களை எண்ணி 6 என்கிறாள். ஒரு கட்டம் 5 பேர் என்று ஓரத்தில் போட்டிருப்பது கண்ணில் படுவதே இல்லை. ‘கொய்யாவைவிட மாம்பழம் எத்தனை பேருக்கு அதிகம் பிடிக்கும்?’ என்றால் மாம்பழத்தின் எண்ணிக்கையையே திருப்பிச் சொல்கிறாள். கத்தியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

ஒரு தாய்மாமன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கத்துவதை நிறுத்துங்கள். இதுவரை அவள் பார்த்த படங்களில் ஒரு கட்டம் என்றால் ஒன்றுதான். பழகியதைச் செய்கிறாள். ஒரு கட்டம் எத்தனை என்று ஓரத்தில் போடுகிற அளவுத்திட்டம் எதற்கு என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தாள் பற்றாமல் போனால் தானாகப் புரியும்.

அதற்கு நம் ஒகேனக்கல் போதும். காவிரியில் வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறார்கள். மழைக்காலத்தில் தினமும் வரும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஒரு கட்டம் 1,000 கன அடி என்று வைத்து அவளையே வரையச் சொல்லுங்கள். 5,000 வந்தால் ஐந்து கட்டம். 6,500 வந்தால் ஆறரை. பாதிக் கட்டத்தில் பட்டை நிற்கலாம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் கர்நாடகத்தில் மழை பிடித்து அணைகளைத் திறப்பார்கள். ஒரு நாள் 40,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் அத்தனை கட்டம் இருக்காது. உடனே உதவிக்குப் போகாதீர்கள். மேலே இன்னொரு தாள் ஒட்டுகிறேன் என்பாள், ஒட்டட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டத்தை 5,000 ஆக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். புதுசாக வரைந்ததும் முதல் நாள் பட்டை ஒரே கட்டமாகச் சுருங்கிவிடும். ‘அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதா?’ என்று கேளுங்கள். சிரிப்பாள். அளவுத்திட்டத்தைத் தானே மாற்றியவள் அடுத்த படத்தில் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பாள்.

நாளுக்கு நாள் மாறுவதற்குக் கோட்டுப்படம்தான் பொருத்தம் என்று ஆசிரியர் யாராவது சொல்லலாம். சரிதான். 1786இல் பட்டை வரைபடத்தின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாகப் போட்டதே, கோடு இழுக்கப் பல வருடத்துக் கணக்கு கையில் இல்லாமல்தான். ஒரே வருடத்துக் கணக்குதான் இருந்தது. ஆனால் நாலாம் வகுப்பில் அந்தச் சண்டை வேண்டாம்.

‘எத்தனை அதிகம்’ என்பதற்கு உங்கள் மண்டியைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. காலிப் பெட்டிகளை இரண்டு அடுக்காக வையுங்கள், ஒன்றில் 7, இன்னொன்றில் 4. இரண்டும் ஒரே உயரம் ஆகும்வரை எடுக்கச் சொல்லுங்கள். கீழே இறக்கிய மூன்றுதான் பதில். கழித்தல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

அப்படியே சின்ன அடுக்கை ஒரு திண்ணைமேல் ஏற்றிவையுங்கள். இப்போது எது உயரம்? இரண்டும் ஒரே தரையில் நின்றால்தான் ஒப்பிட முடியும் என்பது அவளுக்குப் பிடிபட்டால், பெரியவர்கள் பலரைவிட முன்னால் போய்விட்டாள் என்று அர்த்தம். டிவியில் காட்டும் பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றனவா என்று நம்மில் யார் பார்க்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டம் 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809. பூஜ்யத்தில் தொடங்கி, கட்டத்துக்கு ஒரு லட்சம் வைத்தால் 15 கட்டமும் ஏறக்குறைய 19 கட்டமும் வரும். கிருஷ்ணகிரி கால் பங்கு பெரிசு, அவ்வளவுதான். அதையே 14 லட்சத்தில் தொடங்கி வரைந்து பாருங்கள். தருமபுரிக்கு ஒரு கட்டம், கிருஷ்ணகிரிக்குக் கிட்டத்தட்ட ஐந்து! எண்ணில் பொய் இல்லை, படத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கு அவளுக்கு இப்போது பாரம்தான். இரண்டு படத்தையும் வரைந்து எடுத்துவையுங்கள், அடுத்த வருடம் காட்டலாம்.

இன்னொன்று. கேள்விகளை எப்போதும் நீங்களே கேட்காதீர்கள். அவள் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். நடுவில் ஒரு பதிலை அளவுத்திட்டம் பார்க்காமல் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், பிடிக்கிறாளா என்று பார்ப்போம். உங்கள் முறை வரும்போது, ‘அன்றைக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் வந்தது?’ என்று கேளுங்கள். படத்தில் அதற்குப் பதில் கிடையாது. எதையாவது அடித்துவிடாமல், ‘அது இதில் போடலையே மாமா’ என்றால் முழு மார்க் கொடுத்துவிடுங்கள்.