ஆறிய சோறும் செரிக்காத மாவும்: கேள்வி பதில்

கேள்வி: சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதிலுள்ள சர்க்கரை குறைந்துவிடுமா?

பதில்: மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாது, அதில் ஒரு சிறு பங்கு மட்டும் சிறுகுடல் நொதிகளுக்கு எட்டாத வடிவத்துக்கு மாறுகிறது. வேகும்போது நீரை உறிஞ்சி உப்பிக் கட்டவிழ்ந்த மாவுச்சத்தில், ஆறும்போது நேர்ச்சங்கிலியான அமைலோஸ் சில மணி நேரத்திலும், கிளைகள் மிகுந்த அமைலோபெக்டின் சில நாட்களிலும் மீண்டும் நெருங்கிப் படிகமாகின்றன. பெட்டியிலிருந்து எடுத்த பருக்கையை விரலிடையே நசுக்கிப் பாருங்கள். மசியாமல் உதிர்கிறதே, அந்த விறைப்புக்குக் காரணம் இதுவே. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 100 கிராம் சோற்றில் இத்தகைய எதிர்ப்பு மாவுச்சத்து புதிதாக வடித்தபோது 0.64 கிராம்; 4 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராம். உண்டபின் ஏறும் இரத்தச் சர்க்கரையும் சற்றுத் தணிந்தே இருந்தது. இதை ‘இரண்டரை மடங்கு’ என்று முழங்குவோர், கூடியது ஒரே ஒரு கிராம் என்பதைச் சொல்வதில்லை.

கேள்வி: அப்படியானால் கலோரி பாதியாகுமா?

பதில்: ஆகாது. அந்த ஒரு கிராமால் மிச்சமாவது ஏறத்தாழ 2 கலோரி.

கேள்வி: சூடாக்கினால் பருக்கை மறுபடி மென்மையாகிவிடுகிறது, படிகமும் கரைந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: நல்ல கேள்வி. அமைலோபெக்டின் படிகம் 60 டிகிரியை ஒட்டியே உருகுவதால் பருக்கை இளகுகிறது. அமைலோஸ் படிகமோ கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தில்தான் உருகும் என்பதால், அது அப்படியே தங்கிவிடுகிறது. அமைலோஸ் மிகுந்த அரிசியில் பலன் கூடுவதும், அது ஏறக்குறைய இல்லாத ஒட்டரிசியில் பலன் சொற்பமாவதும் இதனால்தான்.

கேள்வி: அதே ஆய்வில், அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறிய சோற்றிலும் 1.30 கிராம் இருந்ததாமே. பெட்டி எதற்கு?

பதில்: அந்த எண் சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தவறு. அங்கே அளந்தது மாவுச்சத்தை, கிருமியை அன்று. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல், வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகும்; அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறிய சோறு உண்டால் இன்சுலின் அளவைக் குறைக்கலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், இங்கே கேட்க வேண்டாம்.

கேள்வி: சூடாக்கினால் பலன் போய்விடுமா?

பதில்: மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரவு முழுதும் வெளியே இருந்த சோற்றைக் காலையில் பெட்டியில் வைத்தால்?

பதில்: கொட்டிவிடுங்கள்.