பெரியவர்கள் துணை இல்லாமல், சென்னையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கைக்குழந்தையைச் சமாளிக்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். மாமியாருக்கு அப்போதுதான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது, என் அம்மாவுக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது, அதனால் மேடவாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீட்டில் நானும் மனைவியும் குழந்தையும் மட்டும். பையனுக்கு இப்போது இரண்டு வயது. டிவி ரிமோட்டை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான்.

உங்கள் மனைவிக்கு ஏழாம் மாதம், அவருக்கு அம்மா இல்லை, உங்கள் அம்மாவால் மாடுகளை விட்டுவிட்டு வந்து தங்க முடியாது, ஏப்ரல் கடைசியில் பிரசவம், ஆயா வைக்கலாமா, மனைவி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயா விஷயத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

குழந்தைக்கு ஆள் வைக்காதீர்கள், அடுப்படிக்கு வையுங்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஏஜென்சியில் சொல்லி முழுநேர ஆயாவைக் கொண்டுவருகிறார்கள், ஒருவர் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடுகிறது, கடைசியில் பார்த்தால் குழந்தை அந்த ஆயா மடியில் தூங்குகிறது, பெற்றவள் தையல்கூடப் பிரிக்காத உடம்போடு குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கைக்குழந்தைக்குத் தேவை பால், தூக்கம், துணி மாற்றுவது, தூக்கி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான், அது உங்கள் இரண்டு பேராலும் முடியும். முடியாமல் போவது மூன்று வேளைச் சமையல், பாத்திரம், ஒரு நாள் விட்டாலும் மலையாகக் குவிகிற துணி. எங்களுக்குக் காலையில் ஒரு அக்கா வந்து மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போவார். பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் பேசும்போதே பத்தியச் சமையல் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், பால் கொடுக்கிறவருக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும்.

குளிப்பாட்ட மட்டும் ஒரு ஆயாவை முதல் ஒரு மாதம் வரச் சொன்னோம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு அவர் குளிப்பாட்டுகிற லாவகம் நமக்கு யூடியூப் பார்த்தெல்லாம் வராது. ஆனால் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள்: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் ஊதக் கூடாது, குழந்தையின் மார்பை அழுத்திப் பால் எடுக்கக் கூடாது, சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேராகக் காட்டக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இரவுதான் நிஜமான பரீட்சை. பாலைத் தவிர மற்ற எல்லாம் உங்களாலும் முடியும் என்பதை இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். குழந்தை அழுதால் எழுந்து தூக்குவது நீங்கள், மனைவி பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது நீங்கள், குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைப்பது, எதுக்களித்தால் துடைப்பது, டயபர் மாற்றி மல்லாக்கப் படுக்க வைப்பது, எல்லாம் நீங்கள்தான். அவர் பால் கொடுத்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, பால் நன்றாக ஊற ஆரம்பித்ததும் நாங்கள் இரவையே இரண்டாக வெட்டிக்கொண்டோம். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என் முறை, அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள், பம்ப் செய்து வைத்த பாலை நான் கொடுப்பேன், அதற்கப்புறம் அவள் முறை. நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினால் மனுஷிக்கு வருகிற தெளிவே வேறு. எடுத்து வைக்கிற பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது 25 டிகிரி கணக்கு, நம் ஊர் மே மாதத்துக்கு அது பொருந்தாது, எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும்.

மே மாதம் என்றதும் கத்திரி வெயில் ஞாபகம் வருகிறது. உங்கள் குழந்தை பிறந்த ஓரிரு வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும், "பச்சப்புள்ளைக்கு நாக்கு வறண்டு போகும், ஒரு சங்கு தண்ணி குடு" என்று பக்கத்து ஃபிளாட்டில் இருந்து கட்டாயம் யாராவது வருவார்கள். ஆறு மாதம் வரைக்கும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு உரசியது எதுவும் வேண்டாம், தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. ஏசியும் போடலாம், 25, 26இல் வைத்துக் காற்று நேராகக் குழந்தை மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேர்க்குருவில் துடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து வருகிற வசனம் "பால் பத்தல போல". இதற்கு வாய்ச்சண்டை போடாதீர்கள், டயபரை எண்ணுங்கள். ஒரு வாரக் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பழையபடி வந்துவிடும், அதைப் பார்த்துப் பதறி உடனே பால் பவுடர் டப்பா வாங்க ஓட வேண்டாம். எடை ஏறவில்லை என்று டாக்டரே சொன்னால் அது வேறு விஷயம், அப்போது பவுடர் கொடுப்பதில் ஒரு குற்ற உணர்ச்சியும் தேவையில்லை.

சாயங்காலம் ஆனால் குழந்தை காரணமே தெரியாமல் கத்தும். ஆறு வாரம் வாக்கில் இது உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடும். உரம் விழுந்திருக்கு, சீர் தட்டியிருக்கு என்று சொல்லி எங்காவது கூட்டிப்போய்ப் புடவையில் போட்டு உருட்டச் சொல்வார்கள். தலை நிற்காத குழந்தையை யாரிடமும் உருட்டக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இருந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள், அதுவும் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிதான் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ராத்திரியிலும் திறந்திருக்கும்.

அம்மா இல்லாத பெண் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரசவமான சில நாளில் பெரும்பாலான பெண்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். சரியாகாமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வரவில்லை என்று நீண்டால் அது நோய், "கொஞ்சம் தைரியமா இரு" என்று சொல்லித் தீராது. பிரசவம் பார்த்த டாக்டரிடமே சொல்லலாம், அல்லது 14416க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். அவருக்கு அத்தை, பெரியம்மா, கூடப் படித்த தோழி யாராவது இருந்தால் பத்து நாளாவது வந்து இருக்கச் சொல்லுங்கள். வேலை செய்ய இல்லை, கூட உட்கார்ந்து பேச.

ஓடியாடும் வேலைகளை மொத்தமாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் ஞாபகப்படுத்த வேண்டிய அவசியம்கூட வரக் கூடாது. 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு ஆகிவிட்டதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம், ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பிறந்தபோது போடும் ஊசிகளுக்கு அப்புறம் 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி, மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசம், பெரும்பாலும் புதன்கிழமை. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கலாம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊசி போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் உங்களுக்கு மீட்டிங் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது பற்றி: அவருக்கே விருப்பமில்லை என்றால் இப்போது முடிவெடுக்காதீர்கள். தூக்கமில்லாத மூளை எடுக்கிற முடிவு எனக்கு நம்பிக்கை தருவதில்லை. 2017 முதல் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் அதிகபட்சம் எட்டு வாரம்தான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். தமிழ்நாடு அரசு வேலை என்றால் 2021 முதல் 12 மாதம், பிரச்சினையே இல்லை. தனியார் என்றால், உடம்பு ஒத்துழைத்து ஏப்ரல் நடுவில் அவர் லீவு எடுத்தால் அக்டோபர் நடுப்பகுதி வரை வரும், குழந்தைக்கு ஐந்தரை மாதம் ஆகியிருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எச்ஆரிடம் இப்போதே மெயிலில் கேட்கச் சொல்லுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

தனியார் கம்பெனி அப்பாக்களுக்குச் சட்டப்படி எந்த லீவும் கிடையாது. என் மேனேஜர் "பிரசவம் அவங்களுக்குத்தானே" என்று சிரித்தார், கம்பெனி பெயர் வேண்டாம். அதனால் சேர்த்து வைத்திருக்கிற லீவை எல்லாம் பிறந்த வாரத்திலேயே கரைத்துவிடாமல், பத்து நாளை அக்டோபருக்கு ஒதுக்கி வையுங்கள். டே கேரை ஆகஸ்டிலேயே பார்த்து முடிவு செய்துவிட்டு, அவர் ஆபீஸ் போகிற முதல் வாரம் குழந்தையை அங்கே அரை நாள் மட்டும் விட்டு, மீதி அரை நாள் நீங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.