அதிகம் பேசப்படாத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய வெளிநாட்டு எழுத்தாளர் என்று யாரைச் சொல்வீர்கள்?

என் பதில் விக்டர் பெத்ரோவ். உக்ரைன்காரர். நாவல்களுக்கு வி. டொமொன்டோவிச் என்று பெயர் போட்டுக்கொண்டார், தத்துவக் கட்டுரைகளுக்கு 'விக்டர் பெர்' என்ற புனைபெயர். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் சொந்தப் பெயர். இவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சோவியத் உளவாளியாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அது உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் அந்தக் கதை அவருடைய புத்தகங்களை அநியாயத்துக்கு மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

1894இல் கத்தரினோஸ்லாவில், அதாவது இன்றைய த்னிப்ரோ நகரில் பிறந்தார். கீவில் படித்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு கீவில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். கவிஞர் மைகோலா ஸெரோவ், பாரிஷிவ்கா என்ற சிற்றூரின் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். பெத்ரோவும் அங்கே பாடம் நடத்தினார். ஸெரோவையும் சேர்த்து ஐந்து கவிஞர்களை 'நியோகிளாசிக்' (புதுச் செவ்வியல்) குழு என்பார்கள். பெத்ரோவ் உரைநடைக்காரர், ஆனாலும் அவரை ஆறாவது ஆளாகச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

1920களில் கீவ் அறிவியல் அகாதமியில் நாட்டாரியல் வேலை. கூடவே 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பான்தெலைமோன் குலிஷைப் பற்றித் தடிமனான ஓர் ஆய்வு நூல். சுவாரசியம் என்னவென்றால், ஆய்வுக்காகப் புரட்டிய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் வைத்தே அவர் நாவலும் எழுதினார். ஆய்வில் குலிஷின் சிந்தனை. 'குலிஷின் காதல்கள்' என்ற நூலில் அதே மனிதரின் அசட்டுத்தனங்கள்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 1929இல் வந்த 'அலினாவும் கோஸ்தொமாரோவும்'. கோஸ்தொமாரோவ் பெரிய வரலாற்றாசிரியர். தன்னிடம் படித்த அலினா கிரகெல்ஸ்காவைக் காதலித்தார், கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. 1847இல், கல்யாணத்துக்கு ஓரிரு நாள் இருக்கும்போது, ரகசிய சங்கம் ஒன்றில் இருந்த குற்றத்துக்காக ஜார் ஆட்சியின் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. கோட்டைச் சிறை, அப்புறம் சராதோவ் நகரத்துக்கு நாடு கடத்தல். அலினா வேறொருவரைக் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, விதவையும் ஆனார். கடைசியில் 1875இல், 28 வருடம் கழித்து, இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் அழ வைத்திருப்பார்கள். பெத்ரோவ் அழவிடுவதில்லை. காதலையே ஒரு கொள்கையாக ஆக்கிக்கொண்ட தலைமுறை இப்படித்தான் வாழ்ந்தது என்று, ஓரத்தில் ஒரு சிரிப்போடு எடுத்துவைக்கிறார்.

கற்பனை நாவல்களிலும் அதே குளிர்ந்த பார்வைதான். 'டாக்டர் செராஃபிகஸ்' நாவலின் நாயகன் கோமாகா ஒரு பேராசிரியர். மனிதர்களோடு பழகத் தெரியாத புத்தகப் புழு. அவருக்கு நெருங்கிய தோழி ஐந்து வயதுச் சிறுமி இர்த்சா. குழந்தை வேண்டும், ஆனால் அதில் பெண்ணின் பங்கு இருக்கக் கூடாது என்று முழு சீரியஸாக யோசிக்கிற ஆள்! 1920களின் கடைசியில் எழுதியது, 1947இல் ம்யூனிக்கில்தான் அச்சேறியது. இன்னொரு நாவலான 'பெஸ் கிருந்து'வில் ('காலூன்ற நிலமில்லாமல்' என்று பொருள்) நாயகன் தான் பிறந்து வளர்ந்த த்னிப்ரோவுக்கு அலுவல் விஷயமாக வருகிறான். ஒரு பழைய தேவாலயத்தை என்ன செய்வது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அவனோ கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு பாடகி மேல் காதல் கொண்டு அலைகிறான். அந்த வட்டாரத்தில்தான் பிரம்மாண்டமான அணை ஒன்றைக் கட்டி, த்னிப்ரோ ஆற்றின் பழம்பெரும் பாறை அருவிகளை மூழ்கடித்தார்கள்.

சரி, உளவு. 1935இல் ஸெரோவைக் கைது செய்து, 1937இல் கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். பெத்ரோவ் வெளியிலேயே இருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்குள் சோவியத் ஆளாகப் போனார். கார்கிவில் அவர்கள் கண் முன்னாலேயே ஓர் இலக்கியப் பத்திரிகைக்கு ஆசிரியர். 'பெஸ் கிருந்து' அதில்தான் தொடராக வந்தது. அப்புறம் ஜெர்மனி. அங்கே அகதிகளாக இருந்த உக்ரைன் எழுத்தாளர்களோடு ஒட்டிக்கொண்டார், பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 1949 ஏப்ரலில் ம்யூனிக்கில் ஒருநாள் ஆளைக் காணவில்லை. மாஸ்கோதான் கொன்றது என்றனர் சிலர், இல்லை, உக்ரைன் தேசியவாதிகள்தான் என்றனர் வேறு சிலர். சில வருடங்களில் அதே பெயர் சோவியத் தொல்லியல் கட்டுரைகளில் தலைகாட்டியது! 1965இல் போர்ச் சேவைக்காகப் பதக்கமும் கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. ஸ்டாலின் ஆட்சி அழித்த உக்ரைன் அறிஞர்கள், எழுத்தாளர்களைப் பற்றி அவர் எழுதியது 1959இல் நியூயார்க்கில் புத்தகமாக வந்தது. அப்போது அவர் கீவில், சோவியத் சம்பளத்தில் தொல்லியல் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்துக்கு உண்மையாக இருந்தார் என்று கேட்டால், எழுதிய பக்கத்துக்கு என்றுதான் நான் சொல்வேன். என்னோடு சண்டைக்கு வர நிறையப் பேர் இருக்கிறார்கள், நியாயமும் இருக்கிறது. நண்பர்கள் சாக, இவர் தப்பித்தார் அல்லவா.

1957இல் ஸெரோவின் விதவை சோஃபியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மேல் பெத்ரோவுக்கு 1920களிலிருந்தே காதல். அலினா கதையை எழுதியபோது தனக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காத்திருப்பு எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பாரா?

கீவுக்குத் திரும்பியபின் பழங்கால நாடோடி மக்களான ஸ்கித்தியர்களின் மொழியைப் பற்றிப் புத்தகம் போட்டார், நாவல் எதுவும் வெளியிடவில்லை. 1969இல் காலமானார். புனைவுகள் மூன்று தொகுதிகளாக நியூயார்க்கில் வந்தது 1988–89இல்தான். அவற்றில் எதையாவது ஒன்றை எடுத்துப் படிக்க வாய்த்தால், நான் கைகாட்டுவது 'டாக்டர் செராஃபிகஸ்'. இர்த்சாவும் பேராசிரியரும் பேசிக்கொள்வதற்காகவே படிக்கலாம்.