பட்ஜெட்ல சொன்ன காசு எங்க போகுது? பெங்களூர் வாசகர்களோட சில கேள்விகள்

அல்சூர்ல ஃபேன், மிக்ஸி கடை வெச்சிருக்கேன் சார். மாசாமாசம் ஜிஎஸ்டி கட்டுறேன், இதுல கர்நாடகாவுக்கு எவ்ளோ போகுது?

1000 ரூபா ஃபேனுக்கு 18% வரின்னா 180 ரூபா, அதுல 90 நேரா மாநிலத்துக்கு, 90 மத்திய அரசுக்கு. நீங்க ஓசூர்ல இருந்து சரக்கு எடுத்தா பில்லுல ஐஜிஎஸ்டின்னு (மாநிலம் விட்டு மாநிலம் வர்ற சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டிருப்பாங்க, ஆனா பொருள் கடைசியா இங்க விக்கிறதால மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்குப் போகாது, கர்நாடகாவுக்குத்தான். டெல்லிக்குப் போன வரியிலயும் ஒரு பகுதி திரும்பி வரும். மத்திய வரிய மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கச் சொல்ற நிதிக் கமிஷன்ல 15வது கமிஷன், 2021-26க்கு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து 41% ஒதுக்குச்சு, அதுல கர்நாடகாவோட பங்கு 4.713%ல இருந்து 3.647% ஆச்சு. வரிக்கு மேல போடுற செஸ், சர்சார்ஜ் இதுல சேராது, அது மொத்தமும் மத்திய அரசுக்கே. பெங்களூர்ல இந்த விஷயத்துக்கு இவ்ளோ கோவப்படுறாங்கன்னா அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்வேன்.

எங்க ஏரியா அரசு ஆஸ்பத்திரிக்குப் புது பில்டிங்னு பட்ஜெட்ல சொன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு செங்கல் கூட வரல. காச யாராவது சாப்ட்டாங்களா?

பெரும்பாலும் காசே வெளிய வந்திருக்காதுங்க. முதலமைச்சர் பட்ஜெட் உரைல சொல்றது அறிவிப்பு மட்டும்தான், அதுக்கப்புறம் சட்டசபை ஒதுக்கீட்ட பாஸ் பண்ணணும், துறை எஸ்டிமேட் போட்டு நிர்வாக ஒப்புதல் வாங்கணும், பெரிய வேலைன்னா கேபினட்டுக்குப் போகணும், டெண்டர் விடணும், நிதித்துறை தவணை தவணையா பணம் விடணும், வேலை நடந்து பில் போட்டாத்தான் கஜானால இருந்து பணம் போகும். இதுல எங்க வேணா ஃபைல் நிக்கலாம். மார்ச் 31க்குள்ள செலவாகலன்னா அந்த வருஷ ஒதுக்கீடு காலாவதி ஆயிடும், அடுத்த வருஷம் மறுபடி ஒதுக்கணும்.

அதனால பட்ஜெட் புக்க எடுத்தா முதல் பக்கத்து மொத்தத்த விட்டுட்டு, உங்க துறையோட வரியத் தேடிப் பிடிச்சு பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்குன்னு இருக்கிற மூணையும் பாருங்க. 10 கோடி ஒதுக்கி, திருத்தினதுல 2 கோடி ஆகி, கணக்குல 40 லட்சம்னு நின்னா, எங்க நின்னுச்சுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். ஒரு வருஷத்தோட உண்மைக் கணக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பட்ஜெட் புக்லதான் இருக்கும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாம். ஆனா "எப்ப கட்டுவீங்க"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் வராது. நிர்வாக ஒப்புதல் ஆர்டரோட நம்பர், தேதி, தொகை, டெண்டர் விட்டாச்சா, இன்னைக்கு வரைக்கும் எவ்ளோ ரிலீஸ், எவ்ளோ செலவு, இதக் கேளுங்க. கர்நாடகா விதிப்படி ஒரு மனுல ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், ஃபீஸ் 10 ரூபா. தமிழ்ல எழுதினா எடுத்துக்க மாட்டாங்க, கன்னடம் தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட எழுதி வாங்கிக்கோங்க.

ஃப்ரீ பஸ்ல போறேன். அந்தக் காச யார் குடுக்கிறாங்க?

மாநில அரசுதாம்மா. கண்டக்டர் குடுக்கிற ஜீரோ டிக்கெட்ட வெச்சுத்தான் போக்குவரத்துக் கழகம் அரசுகிட்ட பணம் கேக்குது, அதனால டிக்கெட் வாங்காம ஏறி இறங்காதீங்க. 2025-26 பட்ஜெட்ல ஃப்ரீ பஸ் மாதிரி அரசோட அஞ்சு கேரன்டி திட்டத்துக்கும் சேர்த்து 51,034 கோடி வெச்சாங்க, மொத்த பட்ஜெட் 4,09,549 கோடி.

அப்ப மாநிலம் கடன்ல மூழ்கிடுச்சா?

மூழ்கல. அந்த வருஷ பட்ஜெட்ல நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்புற இடைவெளி, மாநில உற்பத்தில 2.95%, மொத்தக் கடன் 24.91%. சட்டத்துல இருக்கிற வரம்பு 3%, 25%. ரெண்டுமே கோட்ட ஒட்டிதான் நிக்குது. எனக்குக் கவலை வேற எண்ணுல, வருவாய்ப் பற்றாக்குறை 19,262 கோடி. ரோடு, பாலம் கட்ட கடன் வாங்குறது சரி, ஆனா இது சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் மாதிரி அன்றாடச் செலவுக்கே வருமானம் பத்தலன்னு காட்டுது. இது ஜீரோ ஆகணும், அடுத்த பட்ஜெட் வந்ததும் முதல்ல இதத்தான் பார்ப்பேன்.

வீட்டுக் கந்தாயமும் (சொத்து வரி) இந்தக் கணக்குலதான் வருமா?

வராது, அது கார்ப்பரேஷன் வருமானம். வீடு ரிஜிஸ்டர் பண்ணும்போது கட்டினீங்களே ஸ்டாம்ப் ட்யூட்டி, அதுதான் மாநிலக் கஜானாவுக்குப் போகும்.